ஒரு பொட்டு ஈயம்

பதினோரு வருஷம் நான் பஜனையில் வாயை மட்டும்தான் அசைத்தேன். இப்போது இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நல்ல மனுஷன் இரண்டு வருஷம் திருதிருவென்று விழித்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பஜனை சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு, லாண்ட்ரியின் மாடியில் நடக்கும். கீழே பகலெல்லாம் ஓடிய இயந்திரங்களின் சூடு தரை வழியாக மேலே ஏறி வரும். குளிர் நாளில் அந்தத் தரையை விட்டு எழுந்திருக்க மனசு வராது. வெயில் நாளில் ஒருவரும் சம்மணமிட்டு உட்காரமாட்டோம், குந்திக்கொண்டுதான் கடவுளைக் கூப்பிடுவோம். முன்னால் பெண்கள். நடுவில் ஹார்மோனியமும் டோலக்கும். பின்னால், சுவரில் முதுகைச் சாய்த்தபடி ஏழெட்டு ஆண்கள். தையல்காரர், தபால்காரர், குழாய் ரிப்பேர்காரர், அப்புறம் ரொட்டிக்கடைக்காரனான நான். பெண்டாட்டி இழுத்து வந்தவர்கள் பாதிப்பேர், வீட்டில் வேறு வேலை சொல்லிவிடுவார்கள் என்று வந்தவர்கள் மீதிப்பேர்.

பாட்டை எடுத்துக்கொடுப்பவள் லாண்ட்ரி அக்கா. அவள் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். அவள் பாடுவது ஐந்தரைக் கட்டையில். பாட்டோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. எண் ஏற ஏறக் குரலும் ஏறும். ஐந்தரை என்பது ஒரு கறுப்புக் கட்டை. முன்வரிசைப் பெண்களுக்கு அது சுகமான உயரம். எங்களுக்கோ அது பரண். எட்டிப் பிடிக்கப் போனால் கழுத்து நரம்பு புடைக்கும், கீழே இறங்கிப் பாடினால் கிணற்றுக்குள் முனகுகிற மாதிரி இருக்கும். ஆகவே கையைத் தட்டிக்கொண்டு வாயை அசைப்போம். அக்கா திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் பெரிதாக அசைப்போம்.

ஹார்மோனியம் வாசிப்பவர் அக்காவின் வீட்டுக்காரர். தராசுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். என் ரொட்டிக்கடைக்கு அடுத்த கடைதான் அவருடையது. பழைய தட்டுத்தராசு, மேசைத்தராசு, எலெக்ட்ரானிக் தராசு என்று எது கெட்டாலும் அவரிடம்தான் வரும். எடைக்கற்களையும் சோதிப்பார். எடைக்கல்லின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும். தேய்ந்து எடை குறைந்த கல் என்றால், அந்தக் குழியில் ஈயத்தை உருக்கி விட்டுச் சரியான எடைக்குக் கொண்டுவருவார். ஒரு குண்டூசித்தலை அளவு ஈயம் கூடினாலும் மறுபடி சுரண்டி எடுப்பார். ஒருமுறை கறிக்கடைக்காரர் ஒருவர் வந்து, கல்லைக் 'கொஞ்சம் அனுசரித்து'த் தரமுடியுமா என்று கேட்டார். தராசுக்காரர் எழுந்து அந்தக் கல்லை அவர் கையில் வைத்து அழுத்தி, "கல்லுல கை வெக்கச் சொல்றவங்க என் படி ஏறக்கூடாது, போயிட்டு வாங்க" என்றார். மாவுக் கையோடு நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். ஒரு மாசம் கழித்து அவள் பஜனைக்குத் திரும்பினாள். எங்கள் பாட்டு ஒன்று உண்டு, 'வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்' என்று தொடங்கும். அதன் நாலாவது வரி மேலே ஏறும். அந்த இடத்தில் அவள் குரல் அடைத்து, உடைந்து, நின்றது. கீழே இஸ்திரியை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனவள், மூன்று வாரம் மாடிப்பக்கமே வரவில்லை. அப்புறம் தராசுக்காரர் ஹார்மோனியப் பெட்டியைத் தன் கடைக்குத் தூக்கிப்போய் ஏதோ பார்த்தார். மழை ஈரத்தில் பெட்டியின் சுருதி ஏறிப்போயிருக்கிறது, அதனால்தான் அடைத்தது, இப்போது சரிசெய்துவிட்டேன் என்றார். அடுத்த சனிக்கிழமை அக்கா வந்தாள், பாடினாள், நாலாவது வரியில் ஒரு குறையும் இல்லை. "பெட்டி மேல தப்பை வெச்சுக்கிட்டு நான் என் தொண்டையைத் திட்டிட்டு இருந்திருக்கேன்" என்று சிரித்தாள்.

அதற்கு அடுத்த சில வாரங்களில்தான் எனக்கும் பாட்டு வந்தது. ஒரு சனிக்கிழமை வாயை அசைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தமும் வந்துவிட்டது. பக்கத்தில் தையல்காரருக்கும் வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டோம். மாசம் ஆக ஆகப் பின்வரிசை முழுவதும் பாட ஆரம்பித்துவிட்டது. இறைவன் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "வந்தவர் அப்படியே உங்க குறட்டையையும் கொஞ்சம் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

இப்படி எல்லோரும் நிம்மதியாக இருந்த காலத்தில்தான் சர்தார்ஜி வந்து எங்களைக் கூப்பிட்டார்.

அவர் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய குருத்வாராவில் கீர்த்தனம் பாடுவதும் அவர்தான். அந்தக் கூடத்தில் விரிக்கும் வெள்ளை விரிப்புகள் எல்லாம் எங்கள் லாண்ட்ரியில்தான் வெளுக்கும். அன்று செவ்வாய்க்கிழமை. பத்தரை மணி டீக்கு ரொட்டி கொடுக்க நான் லாண்ட்ரிக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எதிர்முனைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

"ரொட்டித் தம்பி, கையைக் கழுவிட்டு வந்து பிடி."

"கழுவிட்டுத்தான் வந்தேன்க்கா."

"மாவு ஒட்டியிருக்கு. போன வாரம் டாக்டர் வீட்டு விரிப்புல உன் அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு."

நான் கழுவிவிட்டு வருவதற்குள் சர்தார்ஜி உள்ளே வந்து மறுமுனையைப் பிடித்துவிட்டார். இரண்டு பேரும் விரிப்பை உதறி, நீளவாக்கில் மடித்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்தார்கள். அக்கா மடிக்கும்போது பாடுவாள். அது அவளுக்கே தெரியாது. நாலு இயந்திரம் சேர்ந்து இரைகிற இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் போகும்.

"அக்கா, இவ்வளவு சத்தத்துலயும் உங்க பாட்டு ரோடு வரைக்கும் கேக்குது" என்றார் சர்தார்ஜி. "வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்களைக் கூட்டிட்டு எங்க கூடத்துக்கு வாங்க. காலைல ஒம்பது மணி. நாங்க ரெண்டு பாடறோம், நீங்க ரெண்டு பாடுங்க. கடைசில எல்லாரும் சேர்ந்து ஒண்ணு. அப்புறம் உக்காந்து சாப்பிடலாம்."

"எங்களைப் பாடவிடுவீங்களா உங்க இடத்துல?"

"அவன் பேரைச் சொல்லப் போறோம். யார் சொன்னா என்ன? பெட்டியைத் தூக்கிட்டு வராதீங்க. எங்ககிட்ட ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒரே சுருதி. உங்களுக்கு எந்தக் கட்டை?"

"ஐந்தரை" என்றாள் அக்கா. அவள் அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போது தராசுக்காரர் லாண்ட்ரியின் எடைமேடையை நிமிர்த்திவைத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. பொதுவாக அவர் கையிலிருந்து எதுவும் விழாது.

மறுநாள் மத்தியானம், அடுப்பு அணைந்திருந்த நேரத்தில், அவர் என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் பஜனைப் பெட்டி இருந்தது.

"தம்பி, ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"என்கிட்ட சொன்னா காலை ரொட்டியோட சேர்ந்து வீடு வீடாப் போயிரும்னு உங்களுக்குத் தெரியும். அப்புறமும் சொல்றீங்கன்னா பெரிய விஷயமாத்தான் இருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. செல்போனில் சுருதி பார்க்கிற ஒன்றை வைத்திருந்தார். பெட்டியின் துருத்தியைத் தள்ளி ஐந்தரைக் கட்டையை அழுத்தினார். செல்போன் நாலரை என்று காட்டியது.

"போன் தப்பாக் காட்டுது" என்றேன்.

"போன் சரி. பெட்டிதான் தப்பு. நான்தான் தப்பு."

பெட்டியின் மேற்பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வரிசையாகப் பித்தளை ரீடுகள், ஒவ்வொன்றிலும் மெல்லிய நாக்கு. அந்த நாக்கு நடுங்கித்தான் சத்தம் வருகிறது. ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் ஒரு பொட்டு ஈயம் ஒட்டியிருந்தது. நுனியில் கனம் கூடினால் நாக்கு மெதுவாக நடுங்கும், சுருதி இறங்கும் என்று அவர் விளக்கினார். எழுபத்து நாலு ரீடு. முதலில் அரைக் கட்டை இறக்கினாராம். ஆறு மாசம் கழித்து அவள் குரல் மறுபடி தடுமாறியபோது இன்னொரு அரைக் கட்டை.

"ஐந்தரைல விரல் வெப்பேன். பெட்டி நாலரையைப் பேசும். அவ ஐந்தரைல பாடறதா நினைச்சிட்டுப் பாடுவா."

"டோலக்குக்காரருக்குத் தெரியாதா?" டோலக் வாசிப்பது அக்காவின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர்.

"கேட்டான். தோலைத் தளர்த்திக்கிட்டே போக வேண்டியிருக்கே மாமான்னு கேட்டான். மழைன்னு சொன்னேன். அன்னிக்குப் பாத்து நல்ல வெயில். தலையாட்டிட்டுப் போயிட்டான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. என் தொண்டையில் வந்து உட்கார்ந்தது இறைவன் இல்லை, இந்த ஈயம். இரண்டு வருஷமாகப் பக்தி முற்றிவிட்டது என்று நான் விபூதி வேறு கூட்டிப் பூசிக்கொண்டிருந்தேன். உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது.

"நேரா அக்காகிட்ட சொல்லிடுங்கண்ணே" என்றேன்.

"அந்த மூணு வாரம் நீங்க எங்க வீட்டுல இல்ல. காலைல எழுந்து டீ போடுவா, சத்தம் இருக்காது. துணி மடிப்பா, சத்தம் இருக்காது. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல எங்க வீட்டுக் குழாய் சொட்டுற சத்தத்தை நான் கேட்டதே இல்ல, அப்பத்தான் கேட்டேன். 'பாட்டு போனாப் போகுது, மூச்சு இருக்கேன்'னு ஒருநாள் சொன்னா. சொல்லிட்டு அன்னிக்கு முழுக்க வாயைத் திறக்கல." துருத்தியை மெல்ல மூடினார். "கல்லுல ஒரு மில்லிகிராம் கூட ஏமாத்தாதவன் நான். அன்னிக்கு யோசிக்கவே இல்ல தம்பி. கை தானாப் போய் ஈயத்தை எடுத்துது."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெட்டியில் ஐந்தரை வைத்தால் அக்காவின் குரல் இரண்டு பக்கத்துச் சனத்துக்கு முன்னால் உடையும். எங்கள் பெட்டியைக் கொண்டுபோனால் கடைசிப் பாட்டில் அவர்கள் பெட்டிகளோடு சேர்த்து வாசிக்கும்போது நாராசமாக இருக்கும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வழியில்லை. சர்தார்ஜியிடம் போய்ச் சொல்லி, நாலரையை வைத்துக்கொண்டு ஐந்தரை என்று சொல்லச் சொல்லலாமா என்று நான் கேட்டேன்.

"கோயிலுக்குள்ள இன்னொரு மனுஷனையும் பொய் சொல்லச் சொல்றதா?" என்று என்னைப் பார்த்த பார்வையில் நான் ரொட்டியைக் கவனிக்கப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுவதாக மட்டும் அவர் சொன்னார்.

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வெளுத்த விரிப்புகளைத் தம்பியின் வேனில் ஏற்றிக்கொண்டு அக்காவே குருத்வாராவுக்குப் போனாள். பதினொரு மணிக்கு அதே வேன் தராசுக்கடை வாசலில் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பின்னாலேயே அவள் தம்பி ஒரு ஹார்மோனியத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். அது சர்தார்ஜியின் இரண்டாவது பெட்டி. நான் ரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாத ஒரு அவசரத்தோடு உள்ளே நுழைந்தேன்.

"மேசை மேல வை" என்றாள் அக்கா. இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "என்னங்க, நம்ம பெட்டில ஐந்தரையை அழுத்துங்க. தம்பி, நீ இதுல ஐந்தரையை அழுத்து."

அவரும் அவள் தம்பியும் அழுத்தினார்கள். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பல் கூசியது.

"அங்க போய்ச் சும்மா ஒரு தரம் பாடிப் பாக்கலாம்னு நினைச்சேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நாலாவது வரில அடைச்சுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அடைச்ச அதே இடம். மறுபடியும் போச்சுன்னு உக்காந்து அழுதேன். சர்தார்ஜி தண்ணி கொடுத்துட்டு, பக்கத்துக் கறுப்புக் கட்டைல பாடிப் பாருங்கன்னார். வழவழன்னு வருது. தினமும் பாடற மாதிரியே இருக்கு. அப்பத்தான் புரிஞ்சுது. எவ்வளவு இறக்கினீங்க?"

"ஒரு கட்டை" என்றார் தராசுக்காரர்.

"எதை வெச்சு?"

"ஈயம்."

"கல்லுல கை வெக்கச் சொல்றவன் படியேறக்கூடாதுன்னு சொன்ன மனுஷன்தானே நீங்க? நான் எந்தப் படில ஏறறது இப்போ?"

அக்காவின் தம்பி கூரையைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேங்க. ஆபரேஷன் ஆகியும் என் ஐந்தரை அப்படியே இருக்குன்னு. டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். அந்த நர்ஸம்மாகிட்ட சொன்னேன். எல்லாரும் என்னைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாங்க."

"யாருக்கும் தெரியாது" என்றார் அவர். "எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சிரிக்கல."

அக்கா எங்கள் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். அப்புறம், "எடுங்க" என்றாள். "ஒண்ணு விடாம எடுங்க. நாளைக்குச் சனிக்கிழமை. உண்மையான பெட்டியை வெச்சு என்னால என்ன முடியுமோ அதைப் பாடறேன். முடியலைன்னா முடியல."

அன்று மத்தியானம் முழுவதும் அந்த வேலைதான் நடந்தது. அக்கா லாண்ட்ரியிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பையும், துணிகளில் கட்டுகிற எண் சீட்டுக் கட்டையும் கொண்டுவந்தாள். அவர் ரீடை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, அவள் அதில் ஒரு சீட்டைக் கட்டி விரிப்பில் வரிசையாக வைத்தாள். பற்றவைக்கும் கோலைக் காயவைத்து அவர் ஈயத்தை இளக்கி எடுத்தார். எடுத்த இடத்தை மெல்லிய அரத்தால் தடவினார், ஊதினார், செல்போனில் சுருதி பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை.

"பதினேழு" என்பாள்.

"ம்."

"பதினெட்டு."

"ம்."

நான் நாலு தடவை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுபோனேன். அவர் இரண்டு கையிலும் கரி. அக்கா ரொட்டியைப் பிய்த்து அவர் வாயில் வைத்தாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருந்தாள். சண்டை வேறு, பசி வேறு.

பொழுது சாயும்போது எழுபத்து நாலும் முடிந்தன. சுரண்டிய ஈயமெல்லாம் ஒரு கிண்ணத்தில் கிடந்தது.

"நிறுங்க" என்றாள்.

அவர் தன்னிடமிருந்த மிகச் சின்னத் தராசில் கொட்டினார். "ஆறு கிராம். கொஞ்சம் மேல."

"கொஞ்சம் மேலன்னா?"

"நூத்திருபது மில்லிகிராம்."

"இதுல மட்டும் பொய் சொல்ல வராது உங்களுக்கு" என்றாள். வேலை தொடங்கியபின் அவள் அவரிடம் எண்ணையும் எடையையும் தவிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்பதால், அவர் அதையே ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு முகத்தைக் கழுவப் போனார்.

சனிக்கிழமை எங்கள் மாடி நிறைந்திருந்தது. மறுநாள் குருத்வாராவில் பாடப்போகிறோம் என்பதால் வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். தராசுக்காரர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்தரையில் விரல் வைத்தார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பெட்டி உண்மையைப் பேசியது. காதுக்குப் பளிச்சென்று, கொஞ்சம் கூர்மையாகத்தான் இருந்தது.

'வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்' என்று அக்கா எடுத்தாள். முதல் வரி வந்தது. முன்வரிசை திருப்பிப் பாடியது. நான் வாயைத் திறந்தேன், பழைய பரண் தெரிந்தது. பழக்கதோஷத்தில் கை தட்ட ஆரம்பித்தது, வாய் அசைய ஆரம்பித்தது. பக்கத்தில் தையல்காரரும் அப்படித்தான். அவருக்கு விஷயம் தெரியாது, தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துச் செருமிக்கொண்டார். இரண்டாவது வரி. மூன்றாவது வரி. நாலாவது வரியில் அவள் குரல் அடைத்தது.

இந்தத் தடவை அவள் இஸ்திரி என்று சொல்லி எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெட்டி மட்டும் ஒற்றைச் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள்.

"ரொட்டித் தம்பி, நான் நிறுத்துறதுக்கு முன்னாலயே நீ நிறுத்திட்டியே. ஏன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முழுக்க நனைந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். "எட்டலக்கா."

"போன வாரம் பாடினியே. மாடி இடிஞ்சு விழற மாதிரி."

"போன வாரம் எட்டுச்சு. ரெண்டு வருஷமா எட்டிட்டு இருந்துச்சு."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால பதினோரு வருஷம் வாயை அசைச்சேன்க்கா."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "தையல்காரரே, நீங்க?"

"நானும்தாம்மா" என்றார் தையல்காரர், அளவெடுக்கும்போது பேசுகிற அடக்கமான குரலில்.

தபால்காரர் கையைத் தூக்கினார். குழாய் ரிப்பேர்காரர் கையைத் தூக்கினார். சுவரோடு இருந்த அத்தனை கையும் ஒவ்வொன்றாக மேலே போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், முன்வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் தூக்கினார்கள்.

"பின்னால உக்காந்தவங்களுக்குப் பக்தி இல்லைன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றாள் அக்கா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "பதினோரு வருஷம். ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவ்வளவு நல்லா பாடுவீங்கக்கா" என்றேன். "எங்களுக்காக எப்படி இறங்கச் சொல்றது?"

அவள் அதைக் கேட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நீராவியில் வெந்து வெளுத்த கை அது. தராசுக்காரர் துருத்தியை விட்டுவிட்டார், பெட்டியும் அடங்கிவிட்டது. கீழே எங்கோ ஒரு குழாயில் நீராவி தட்டும் சத்தம் கேட்டது.

"என்னங்க" என்றாள்.

"சொல்லும்மா."

"நாலரைக்கு வாங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி விரலை வெச்சுக் காட்டுங்க. இனிமே எங்க பாடினாலும் நாலரைதான்."

அவர் விரலைத் தூக்கிப் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்ததால் துருத்தியைத் தள்ளச் சிறிது தாமதமாயிற்று. அன்று அந்தப் பாட்டை மூன்று தடவை பாடினோம். இறங்கும்போது படிக்கட்டில் அக்காவின் தம்பி, "மாமா, நாளைக்கு வெயிலா மழையான்னு சொல்லிட்டீங்கன்னா தோலை இப்பவே சரிபண்ணிருவேன்" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். தராசுக்காரரும் பார்த்தார். அவர் படியிறங்கிய நடையே மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்பை என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். குருத்வாராவின் வாசலில் செருப்பை விட்டு, கை கால் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனோம். தையல்காரர் அவருடையதை அழகாக மடித்துக் கட்டியிருந்தார், என்னுடையது காதை மூடியது. கூடம் முழுக்க அக்கா வெளுத்த விரிப்புகள். உட்காருவதற்கு முன்னால் அவள் குனிந்து ஒரு சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

சர்தார்ஜி முதலில் பாடினார். இரும்பு அடிக்கிற மனுஷனுக்கு அப்படி ஒரு இளகிய குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு வரியை எடுத்து, அதையே திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்து, அவசரமே இல்லாமல் அடுத்த வரிக்குப் போனார். பாஷை புரியவில்லை. கூப்பிடுகிறார் என்பது மட்டும் புரிந்தது. உள்ளே சமையல்கட்டில் ரொட்டி தட்டுகிற சத்தம் தாளத்தோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. தொழில்காரன் காது, அது கல்லில் புரட்டிப் போடும் சத்தம், இது மாவு உருட்டும் சத்தம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் பக்கத்தில் மற்றொரு பெட்டிக்குப் பின்னால் தராசுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எந்தக் கட்டை?" என்று சர்தார்ஜி கேட்டார். வெள்ளிக்கிழமை நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும். ஆனாலும் புதிதாகக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"நாலரை" என்றாள் அக்கா, கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்கும்படி. அப்புறம் ஏதோ நினைவு வந்தவள் போல எட்டி, அவர்களுடைய ஆட்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையைப் பார்த்தாள். "கடைசில எல்லாரும் சேர்ந்து பாடறப்போ, பின்னால இருக்கறவங்களுக்கு அது எட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

சர்தார்ஜி தங்கள் பாஷையில் கேட்டார். பின்வரிசையில் தாடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் திருட்டுப்பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் கழித்து ஒரு டிரைவர் கூச்சத்தோடு ஏதோ சொன்னார், கூடமே சிரித்தது.

"இன்னும் அரைக் கட்டை இறங்கினா நல்லா இருக்குமாம்" என்றார் சர்தார்ஜி. "பதினஞ்சு வருஷமா இவங்க என்கிட்ட இதைச் சொன்னதே இல்லை அக்கா."

"கேட்டாத்தான் சொல்லுவாங்க" என்றாள் அவள். "என்னங்க, கடைசிப் பாட்டுக்கு நாலு கட்டை."

"சரிம்மா" என்று சொன்ன தராசுக்காரர் தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். தராசு முள் நடுவில் வந்து நின்றபின் வாடிக்கையாளரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடினோம். அவர்களுக்கு எங்கள் வரி தெரியாது, எங்களுக்கு அவர்கள் வரி தெரியாது. சர்தார்ஜி ஒரு வரி எடுத்தார், அக்கா ஒரு வரி எடுத்தாள், கூடம் இரண்டையும் திருப்பிப் பாடியது. நாலு கட்டையில் என் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் நெஞ்சிலிருந்து புறப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பதினோரு வருஷத்துப் பாக்கியை ஒரே மூச்சில் பாடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தாளம் எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. பக்கத்தில் தையல்காரர் முழங்கையால் இடித்ததையும் சட்டைசெய்யவில்லை.

கண்ணைத் திறந்தபோது அக்கா திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல வாயைப் பெரிதாக அசைக்கப் போனேன்.

"ரொட்டித் தம்பி" என்றாள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில். "கொஞ்சம் மெதுவாப் பாடுப்பா. மத்தவங்க குரலும் கேக்கட்டும்."

என் வாழ்க்கையில் என்னை யாரும் மெதுவாகப் பாடச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக என் மனைவியிடம் அதைச் சொன்னேன்.